ஆத்தை நிறுத்தின வாய்

ஆத்தை நான்தான் நிறுத்தினேன்னு இன்னைக்கும் ஊர்ல சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும், உலை வாயை மூடலாம் ஊர் வாயை மூட முடியாது, ஆனா எதுக்கு நிறுத்தினேன், என்னை யார் நிறுத்த வச்சாங்க, பதினோரு நாள் நான் என்ன பாடு பட்டேன்னு ஒருத்தராவது வந்து கேட்டிருப்பாங்களா, கேக்கமாட்டாங்க, அதனால நானே சொல்றேன், நடுவுல யாரும் குறுக்க பேசாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

என் பேரு அஞ்சலாட்சி, கிளப்புல சுருக்கி அஞ்சுன்னு கூப்பிடுவாங்க. வயசு முப்பத்திமூணு, உயரம் நாலடி எட்டங்குலம். சென்னை அழுக்கையெல்லாம் வாங்கிக்கிட்டு வர்ற எங்க ஆறு கடல்ல விழற இடத்துல இருக்கு எங்க ஆத்துமொனைக் குப்பம், அதுக்கு ரெண்டு வளைவு மேல இருக்கு கீழாத்துப் படகு கிளப், அங்க எனக்கு வேலை காக்ஸ். காக்ஸ்னா யாருன்னு சொல்லிடறேன், ஏன்னா எங்கம்மா தேசம்மாவுக்கே இன்னும் புரியல. பந்தயப் படகுல துடுப்பு வலிக்கிறவங்க நாலு பேரும் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அஞ்சாவதா ஒரு குட்டி ஆளு கடைசியில அவங்களைப் பாத்து உக்காந்து, சுக்கான் கயித்தை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, எப்ப வலிக்கணும், எப்ப விடணும், எந்தப் பக்கம் பாலம் வருது, எவ தூங்குறான்னு தொண்டை கிழிய கத்திக்கிட்டே வரணும், அந்தக் குட்டி ஆளு நான். போற வழியைக் கண்ணால பாக்கிற ஒரே ஆளு நான்தான், ஆனா கிளப்புல எனக்கு என்ன பேரு தெரியுமா, சும்மா உக்காந்துக்கிட்டு வர்ற பொண்ணு. குப்பத்துல அதுக்கும் மேல, பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு கேட்டா எங்கம்மா காக்ஸ்னு சொல்லும், அவங்க காக்காவான்னு கேப்பாங்க, வேலையும் கத்துறதுதான்னு தெரிஞ்சதும் எழுந்து போயிடுவாங்க.

பதினாறு வயசுல, எங்கம்மா கூடையில விக்கக் கொண்டுபோன வஞ்சிரத்தை கிளப் சமையல்காரர் எடை போடறப்ப தராசுல விரலை வச்சாருன்னு நான் போட்ட சத்தம் ஆத்துக்கு அந்தாண்ட கேட்டுச்சாம், கோச் ஓடி வந்து யாருடா அதுன்னு கேட்டு என்னைத் தூக்கிப் படகுல வச்சாரு, அன்னையிலேருந்து பதினேழு வருஷம். மாநிலத் தேர்வுப் போட்டியில முதல் ரெண்டு படகுதான் நேஷனல்ஸ் போகும், நான் அஞ்சு தடவை மூணாவது வந்தவ. நாலாவது வந்தாக்கூட மனசு ஆறிடும், மூணாவது வந்தா ஆறவே ஆறாது. இந்த வருஷம்தான் எனக்குன்னு ஒரு நல்ல டீம் அமைஞ்சுது, முதல் ரெண்டு சீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, மூணாவது சீட்டுல ஹேமலதா, நாலாவது சீட்டுல என் மூஞ்சிக்கு நேரா மரகதம், அவ மட்டும் ஒன்பது வருஷமா என்கூட வர்றவ. ஆனா கிளப் செகரட்டரி சேஷசாயி சாருக்கு ஒரு அக்கா மகன், கௌசிக்னு பேரு, எழுபது கிலோ, அடுத்த வருஷம் காக்ஸ் சீட்டு அவனுக்குத்தான்னு முடிவே பண்ணிட்டாங்க, அதனால இந்தத் தேர்வுப் போட்டியை விட்டா எனக்கு இன்னொண்ணு கிடையாது.

ரெண்டு வார்த்தை மட்டும் தெரிஞ்சுக்கோங்க. படகு கிளம்பறதுக்கு முன்னாடி நான் ‘நம்பர்!’னு கத்துவேன், முன் சீட்லேருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு அவங்கவங்க சொல்லணும், சொன்னா தயார்னு அர்த்தம், ஒருத்தி வாயைத் தொறக்கலேன்னாலும் படகு கிளம்பாது. நிறுத்தணும்னா ‘ஈசி ஆல்!’னு கத்தணும், வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன வார்த்தை, எங்க வாயில விழுந்து விழுந்து அது ஈசியால்னு ஆயிடுச்சு. இவ்வளவுதான் மந்திரம், வேற எந்த மந்திரமும் எனக்குத் தெரியாது.

அன்னைக்கு வியாழக்கிழமை, போட்டிக்குப் பத்தே நாள் பாக்கி, காலையில ஆறரை மணி, பாலத்துக்குக் கீழ வர்றோம், அக்காவும் தங்கச்சியும் ஒரு கிளிப்புக்கு வீட்டுல ஆரம்பிச்ச சண்டையைப் படகுலயும் போட்டுக்கிட்டு வர்றாளுங்க, ஹேமலதா ஜாக்கெட் கைக்கு பஃப் வைக்கலாமா வேணாமான்னு என்னைக் கேக்குறா, கரையில செகரட்டரி மெகாஃபோன்ல ‘அஞ்சு, இடது பக்கம் போகுது பாரும்மா’ன்னு, ஏன் சார் எனக்குத் தெரியாதா, கையில கயிறு என்கிட்ட இருக்கா உங்ககிட்ட இருக்கா, பக்கத்துல கௌசிக் அதை மொபைல்ல படம் புடிக்கிறான், வலிக்கிற கை நாலும் நாலு தினுசா போகுது, எனக்கு அடி வயித்துலேருந்து கெளம்பிச்சு பாருங்க, ‘ஈசியால்!’னு கத்தினேன். துடுப்பு நாலும் நின்னுச்சு. ஆறும் நின்னுச்சு.

தண்ணி தண்ணியாத்தான் இருந்துச்சு, தொட்டா நனைஞ்சுது, படகு விட்டா படகு போச்சு, ஆனா அது எங்கயும் போகல, கடலுக்கும் போகல, கடலும் உள்ள வரல, ஏத்தமும் இல்ல வத்தமும் இல்ல, ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து பாலத்துத் தூணுக்கு ரெண்டு முழம் தள்ளி நின்னது நின்னபடியே நின்னுச்சு. மரகதம் அதைப் பாத்துட்டு, ‘ஆறு நின்னுடுச்சு அஞ்சு’ன்னா, அவ ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசறதே அதிகம். நான் சரி, மத்தியானத்துக்குள்ள ஓடிடும்னுட்டு வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு சாப்பிட்டேன்.

மத்தியானமும் ஓடல, மறுநாளும் ஓடல. முதல் நாள் ஊரே வந்து பாத்துச்சு, ரெண்டாம் நாள் சுண்டல்காரர் வந்தாரு, மூணாம் நாள் யாரும் பாக்கல, ஆறுன்னா நிக்கிறதுதானேங்கிற மாதிரி அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க, ஆனா நாலாம் நாள்தான் வினையே தெரிய ஆரம்பிச்சுது, எதை யார் எங்க போட்டாங்களோ அது அவங்க வீட்டு முன்னாடியே இருந்துச்சு. மேல போட்டது கீழ போயிடும்னு நூறு வருஷமா பழகின ஊரு, போட்ட பொங்கப் பானை போட்டவங்க வாசலுக்கு நேரா மிதந்துக்கிட்டு, கிழிஞ்ச மெத்தை, கழட்டிப் போட்ட கமோடு, மருமகளுக்குத் தெரியாம மாமியார் வீசின முருங்கைக்காய்க் குழம்பு, எல்லாம் ஊருக்கே காட்சி, ‘இது உன்னுதா, அது உன்னுதா’ன்னு ஆத்தோரம் முழுக்கச் சண்டை. கொசு ஒழிப்புக்கு வர்ற ஆளு தேங்கின தண்ணின்னு டயருக்கும் கொட்டாங்குச்சிக்கும் நோட்டீஸ் குடுக்கிறவரு, நேரா எங்க வீட்டுக்கு வந்து ஆத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதி என்கிட்ட கையெழுத்து கேட்டாரு. ‘ஏங்க, ஆறு எங்க அப்பன் வீட்டுதா?’ன்னேன். ‘நிறுத்தினவங்க நீங்கதானேம்மா, பொறுப்பானவர்ங்கிற எடத்துல போடுங்க’ன்னாரு.

இதுல பரசுராமன்னு ஒருத்தர், அவர் அப்பா தவறிப் போய் அஸ்தியைக் கொண்டாந்து கிளப் பக்கத்துப் படித்துறையில கரைச்சாரு, அது எப்படிப் போகும், தண்ணி நின்னா அவரும் நின்னுட்டாரு, சாம்பலும் செவ்வந்திப் பூவுமா ஒரு தாம்பாளம் அகலத்துக்கு அந்த இடத்துலயே. பரசுராமன் தினமும் காலையில வந்து படியில உக்காந்து அதைப் பாப்பாரு, அப்புறம் என் வீட்டுக்கு வந்து வாசல்ல நிப்பாரு. ‘அப்பா இன்னும் போகலம்மா’ம்பாரு. ‘வந்து ஒரு டீ சாப்பிடுங்க’ம்பேன், மனுஷன் டீயைக் குடிச்சுட்டு அழுதுட்டுப் போவாரு.

அவராவது பரவாயில்ல. மத்தவங்க வந்தாங்க பாருங்க, ஏதோ நான் கவுன்ட்டர் தொறந்து வச்சிருக்கிற மாதிரி, புருஷன் குடியை ஈசியால் பண்ணும்மா, பக்கத்து வீட்டு நாய் குலைக்கிறதை ஈசியால் பண்ணும்மா, என் பையனுக்கு முடி கொட்டுது, ஒரு வாட்டி தலையைப் பாத்துச் சொல்லேன்னு. சொல்லிப் பாத்தேன், ஒண்ணும் நிக்கல, நிக்கலேன்னதும் எனக்குத்தான் கெட்ட பேரு, ஆத்தை நிறுத்தத் தெரியுது, ஏழைக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதான்னு. அந்த வார்த்தை பஸ்ல ஏறிடுச்சு, கடைத்தெருவுக்குப் போயிடுச்சு, மாமியார் பேச ஆரம்பிச்சா மருமக ‘ஈசியால்’ங்கிறா, வாத்தியார் வகுப்புக்குள்ள வந்ததும் பசங்க ‘ஈசியால்’ங்கிறாங்க. எங்கம்மாவுக்குத்தான் பொறுக்கல. ‘ஆத்துக்குள்ள மடவை மீனு ஏறாம அஞ்சு நாளாவுது, கூடையைக் கவுத்துப் போட்டுக்கினு உக்காந்துகீறேன், இன்னாடி பண்ணி வச்சிருக்கே, நிறுத்தத் தெரிஞ்சவளுக்கு ஓட்டத் தெரியாதா?’

தெரியாது. தெரிஞ்சா செய்யமாட்டேனா? ‘கிளம்பு’ன்னு கத்தினேன், ‘வலி’ன்னு கத்தினேன், தாயே, தங்கமேன்னு கெஞ்சினேன், சூடம் ஏத்தினேன், சனியனேன்னு திட்டினேன், டீமை உக்கார வச்சு நம்பர் சொல்ல வச்சு, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு அவளுங்க சொல்ல, படகு கிளம்புது, ஆறு கிளம்பல. ஒரு வாரம் இதே கதை, தொண்டை கட்டி மிளகுப்பால் குடிச்சதுதான் மிச்சம்.

இதுக்கு நடுவுல மத்த கிளப்காரங்க சேந்து ஒரு மனு குடுத்தாங்க. நின்ன தண்ணி பந்தயத்துக்கு நல்லதுதான், அதுல அவங்களுக்கு வருத்தமில்லையாம், ஆனா தண்ணியை வாயில வச்சிருக்கிற காக்ஸ் படகுல உக்காந்தா எப்படி, நடு பந்தயத்துல அந்த வார்த்தையைச் சொல்லி எங்க படகையும் நிறுத்திட்டா யார் பொறுப்பு, அந்த ஆறு பழையபடி ஓடினாத்தான் அந்தப் பொண்ணு வாய் சாதாரண வாய்னு நாங்க ஒத்துக்குவோம்னு எழுதியிருந்தாங்க. செகரட்டரி என்னை ஆபீஸ்ல கூப்பிட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, ‘சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஓட வச்சிடும்மா, இல்லேன்னா உன் சீட்டுல கௌசிக்கைத்தான் உக்கார வைக்கணும், எனக்கு வேற வழியில்ல’ன்னாரு. வழி இல்லாதவர் மூஞ்சி அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல.

வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டுல எங்கம்மாதான் கேட்டுச்சு. ‘படகுக்கு நம்பர் சொல்றீங்க, அது கிளம்புது. ஆத்துக்கு யாருடி நம்பர் சொன்னது?’ எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. சனிக்கிழமை மத்தியானம் கிளப்லேருந்து குப்பம் வரைக்கும் ரெண்டு கரையிலயும் சனம் வந்து நின்னுச்சு, கிழவன் கிழவி, கைக்குழந்தை, ஆட்டோக்காரங்க, பள்ளிவாசல் ஆளுங்க, அந்த நோட்டீஸ்காரர், பரசுராமன், ‘நம்பர்!’னு நான் படித்துறையிலேருந்து கத்த, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சாவதா நின்னவரு இஸ்திரி போடற கன்னியப்பன் அண்ணன், ‘அஞ்சு!’ன்னாரு, நான் பழக்கத்துல ‘என்னாண்ணே?’ன்னு கேட்டுட்டேன், கரையே சிரிச்சுது. அந்த ஆகாயத்தாமரை ஒரு சாண் நகந்து நின்னுச்சு, காத்துன்னு நெனைச்சு நானும் விட்டுட்டேன். ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினேழு வரைக்கும் போச்சு கணக்கு, கைக்குழந்தைங்களுக்கு அவங்கம்மாங்க சொன்னாங்க, கடைசி நம்பரை எங்கம்மா சொல்லிச்சு. எல்லாரும் குனிஞ்சு தண்ணியைப் பாத்தோம். ஒரு அசைவும் இல்ல.

சனம் கலைஞ்சு போச்சு. மணி ஆறு அடிச்சதும் செகரட்டரி வந்து, ‘ஸாரி அஞ்சு’ன்னாரு. டீம் பனியனைக் கழட்டிக் குடுத்தேன், அது கௌசிக்குக்குப் பத்தாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அன்னைக்கு நான் அழுதேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, பாயில குப்புறப் படுத்து அழுதேன். பதினேழு வருஷம் கத்துன கத்தலுக்கு ஒரு சீட்டு, அதுவும் மரப்பலகை, அதுவும் போச்சு.

ஞாயித்துக்கிழமை நான் போறதாவே இல்ல, எங்கம்மாதான் கையைப் புடிச்சு கிளப்புக்கு இழுத்துக்கிட்டு வந்துச்சு. ஆறு படகு கோட்டுல வந்து நிக்குது, எங்க படகுல என் இடத்துல கௌசிக், முட்டி ரெண்டும் காதைத் தொட உக்காந்திருக்கான், படகு பின்னாடி அமுங்கி மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது, அவன் மெல்லிசு குரல்ல ‘நம்பர்!’ங்கிறான். அக்காக்காரி ‘ஒண்ணு’ன்னா. தங்கச்சி ‘ரெண்டு’ன்னா. ஹேமலதா ‘மூணு’ன்னா. மரகதம் ‘நாலு’ன்னா, சொல்லிட்டு எதிர்ல பாத்தா, ஒன்பது வருஷமா அவ கண்ணு முன்னாடி இருந்த மூஞ்சி இல்ல, வேற மூஞ்சி. துடுப்பை மடியில போட்டுட்டா. ‘அஞ்சு எங்க?’ன்னா.

கௌசிக், ‘அஞ்சு எல்லாம் கிடையாது, நாலோட முடிஞ்சுது, வலிங்க’ன்னான். ‘நாலுக்கு அப்புறம் அஞ்சு இல்லாம என்னடா கணக்கு?’ன்னா மரகதம், அவ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. கரையில யாரோ ஒருத்தர் ஆமா, அஞ்சு எங்கன்னு கேட்டாரு, அப்புறம் பத்து பேரு, அப்புறம் ரெண்டு கரையும் அஞ்சு எங்க, அஞ்சு எங்கன்னு, பதினேழு வருஷமா எல்லாரையும் நம்பர் கேட்டவளே தவிர என்னை யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல, நேத்து அத்தனை ஆயிரம் பேரை எண்ணினேனே, அதுலகூட நான் இல்ல. எங்கம்மா என் முதுகுல ஒண்ணு வச்சுது. ‘ஊருக்கே கத்துற வாயி, உனுக்கோசரம் ஒரு வாட்டி கத்தேண்டி!’

‘அஞ்சு!’ன்னு கத்தினேன். பேரைச் சொன்னேனா நம்பரைச் சொன்னேனான்னு எனக்கே தெரியாது.

பதினோரு நாளா நின்ன ஆறு ஒரு பெருமூச்சு விட்டுட்டுக் கிளம்பிச்சு. பொங்கப் பானை போச்சு, மெத்தை போச்சு, கமோடு போச்சு, செவ்வந்திப் பூ படித்துறையை விட்டு மெதுவா நகந்து நடு ஆத்துக்கு வந்ததும் வேகம் புடிச்சுப் போச்சு, பரசுராமன் இடுப்பளவு தண்ணியில எறங்கி ரெண்டு கையும் கூப்பி ‘போறாரும்மா, அப்பா போறாரு’ன்னு அழுதாரு. ஆறு படகும் தறிகெட்டுச் சுத்துது, நடுவர் கொடியை ஆட்டிப் பந்தயத்தை நிறுத்துறாரு, எங்க படகு பின்பக்கமா மிதந்து வந்து கரையில நான் நிக்கிற இடத்துலயே முட்டி நின்னுச்சு. கௌசிக் எறங்கி, கரையில உக்காந்து வாந்தி எடுத்தான், பாவம். நான் ஏறி உக்காந்தேன். செகரட்டரி ஓடி வந்து ‘ரூல்ஸ் என்னன்னா’ன்னு ஆரம்பிச்சாரு, நடுவர், ‘ஆறு ஓடுது சார், மனுவும் அதோட போச்சு’ன்னுட்டாரு.

அரை மணி கழிச்சுப் பந்தயம் மறுபடியும் நடந்துச்சு. ஓடுற தண்ணி, அதுவும் பதினோரு நாள் கடனை ஒரே நாள்ல தீக்கிற வேகத்துல ஓடுற தண்ணி, எந்தத் தூணுகிட்ட சுழிக்கும், எந்தக் கரையோரம் இழுக்கும்னு எனக்குத் தெரியும், மத்த காக்ஸுக்குத் தெரியாது, நான் கத்தின கத்தலை நீங்க கேட்டிருக்கணும், அக்கா தங்கச்சி கிளிப்பை மறந்தாளுங்க, ஹேமலதா வாயை மூடிக்கிட்டு வலிச்சா, மரகதம் என் கண்ணையே பாத்துக்கிட்டு வலிச்சா. துறைமுகக் கிளப் படகு எங்களை ஒரு கை தூரத்துல முந்திச்சு, அதை என்னால புடிக்க முடியல, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கு, ஆனா எங்களுக்குப் பின்னாடி நாலு படகு. ரெண்டாவது. நேஷனல்ஸ்!

ஜெயிச்ச டீம் தன்னோட காக்ஸைத் தூக்கித் தண்ணியில போடறது உலகம் பூரா வழக்கம். ஜெயிச்ச டீம். ரெண்டாவது வந்த டீம் எங்கயும் போடறதில்ல, இதை எங்காளுங்களுக்கு யார் சொல்றது? படித்துறையில கால் வச்சதுதான், நாலு பேரும் என் கையைக் காலைப் புடிச்சுட்டாளுங்க. ‘விடுங்கடி, நாம முதல்ல வரல, விடுங்கடி!’ங்கிறேன், ஒண்ணுங்கிறா ஒருத்தி, ரெண்டுங்கிறா இன்னொருத்தி, ஊஞ்சலாட்டி வீசப் போறாளுங்க, அந்தத் தண்ணியில என்னென்ன போகுதுன்னு எனக்குத் தெரியும், கோவத்துல ‘ஈ…’ன்னு வாய்க்குள்ள வந்துடுச்சு. செகரட்டரி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு, பரசுராமன் ‘வேணாம் தாயி’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. வார்த்தையைக் கடிச்சு முழுங்கிட்டுப் பல்லை இறுக்கிக்கிட்டேன்.

தூக்கிப் போட்டாளுங்க. ஆறு என்னை வாங்கிக்கிட்டு ஓடிச்சு, மரகதமும் ஹேமலதாவும் பின்னாடியே குதிச்சாளுங்க, கரையோரமா எங்கம்மா கூடையோட ஓடி வருது, ‘அடியே அஞ்சல, நல்லா கீறியா?’ன்னு கேட்டுக்கிட்டே வருது. பதில் சொல்லணும்னா வாயைத் தொறக்கணும். தொறந்தா எது வருமோ யாருக்குத் தெரியும். எனக்கோ கோவம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம், அதுக்கும் மேல சிரிப்பு வேற பொத்துக்கிட்டு வருது, நல்லாத்தான் இருக்கேன்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிட்டு, குப்பம் வந்து சேர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டே சிரிச்சேன்.